கை பட்ட ரொட்டி

நாலாவது சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை. சோறு தின்று முடித்தாயிற்று. தூங்கவும் மனசில்லை, படிக்கவும் மனசில்லை. அரைக் கிலோ மைதாவைத் தாம்பாளத்தில் கொட்டி, ரொட்டி சுட மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"ஏண்டா, காசு குடுத்தா கடையில அறுத்தே குடுக்கறான். ஒரு மத்தியானத்தையே தொலைக்கிறியே, இது இன்னாத்துக்கு?"

நியாயமான கேள்வி. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தோழர்களும் இதையே கேட்கலாம். எழுத வேண்டிய கொடுமைகள் எத்தனையோ இருக்க, ஒரு குமாஸ்தா ரொட்டி சுட்ட கதையை எழுத வந்துவிட்டானே என்று. 2020 ஊரடங்கில் நகரத்து நடுத்தர வர்க்கம் வீட்டுக்கு வீடு ரொட்டி சுட்டுப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டது எனக்கும் நினைவிருக்கிறது. அதே வருஷம் மே மாதமும் ஜூலை முதல் தேதியும் இங்கே இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் வெந்து செத்தார்கள், அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள் என்பதும் நினைவிருக்கிறது. ஆகவே ரொட்டியின் வாசனையை வர்ணித்துக் கவிதை பண்ண நான் வரவில்லை. மாவு பிசையும்போது கையைப் பற்றி யோசிக்க நேர்ந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயசு வரைக்கும் ரொட்டி என்றால் குச்சி குச்சியாக, பழுப்பு நிறத்தில், நீளமாக இருக்கும் ஒரு பண்டம். டவுன்ஷிப்பில் ஒரு அதிகாரி வீட்டில் அம்மா பாத்திரம் தேய்த்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ரொட்டியின் ஓரம் பிடிக்காது. நாலு பக்கமும் அறுத்துவிட்டு நடுவிலிருக்கும் வெள்ளையை மட்டும் தின்பார்கள். அறுத்த ஓரங்களை ஒரு பழைய உறையில் போட்டு அம்மாவிடம் கொடுப்பார்கள். லெக்கோ அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, அந்தக் குச்சிகளை வாட்டி, சர்க்கரை தூவிக் கொடுக்கும். (இளைய தோழர்களுக்கு லெக்கோ தெரிந்திருக்காது. பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிக் கரியாக்கி வீட்டு அடுப்புக்கென்று இங்கே விற்றார்கள். அந்த ஆலை மூடி வருஷம் பல ஆகிறது.) ரொட்டிக்கு நடு என்று ஒன்று உண்டென்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனின் டிபன் டப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த நடுவும் எங்கள் காலனிக்கு வந்ததுண்டு. யாருக்காவது ஜுரம் வந்தால் வரும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட் இருக்கும். பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். இதனால் எனக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. கல்லூரியில் இடதுசாரித் தோழர்கள் ரஷ்யப் புரட்சியைப் பற்றி வகுப்பெடுத்தார்கள். 1917இல் பெத்ரோகிராத் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள் என்று சொன்னபோது, அத்தனை பேருக்கும் ஜுரமா என்றுதான் முதலில் தோன்றியது. தமிழில் புரட்சிக் கவிதை எழுதியவர்கள் பலபேர் யோசிக்காமல் ரொட்டி ரொட்டி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இங்கே பசித்தவன் கேட்டது கஞ்சி. அவர்கள் ரொட்டியை இறக்குமதி செய்தார்கள், சேரியின் கஞ்சிப் பானை அவர்கள் கண்ணில் படவில்லை. போகட்டும், அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மாவுக்கு வருகிறேன். அரைக் கிலோ மாவு, ஒரு சின்னக் கரண்டி ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய், வெதுவெதுப்பாக முந்நூறு மில்லி தண்ணீர். இவ்வளவுதான். மாவு உலர்ந்திருக்கிறவரை அது யாருடைய மாவும் இல்லை. தண்ணீர் பட்டதும் விவகாரம் தொடங்குகிறது. சாதி இதை மிக நுணுக்கமாக வகுத்து வைத்திருக்கிறது. நாம் நட்டு, அறுத்து, போரடித்து, தூற்றிய நெல் அவர்கள் பத்தாயத்துக்குள் போகலாம். நாம் புடைத்த உளுந்து போகலாம். ஆனால் அதே நெல்லின் அரிசியில் நாம் தண்ணீர் ஊற்றிப் பொங்கிய சோறு போகக்கூடாது. தானியத்துக்குத் தீட்டு இல்லை, சோற்றுக்குத் தீட்டு உண்டு. உழைப்பை எடுத்துக்கொண்டு கையை மட்டும் விலக்கி வைக்க இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

ரொட்டியோ இந்த ஏற்பாட்டில் பொருந்தாத பண்டம். தண்ணீர் ஊற்றி, கையால் கால் மணி நேரம் பிசைந்து, புளிக்க வைத்து, சுட்டு எடுப்பது. தேசம் முழுக்க ரொட்டியைத் தொட்டவர்களைப் பாருங்கள். போர்த்துகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள், ஈஸ்ட் கிடைக்காமல் கள்ளை ஊற்றிப் புளிக்க வைத்தார்கள். (இலங்கைத் தமிழர்கள் பாண் என்பதும் அந்தப் போர்த்துகீசியச் சொல்தான்.) தலச்சேரியில் 1880இல் பிஸ்கட் கடை போட்டவர் மாம்பள்ளி பாப்பு. 1883இல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து அதேபோலச் செய்து கொடுத்தவர். அவர் தீயர் சமூகத்தவர். கள் இறக்குவதைக் குலத்தொழிலாக அவர்கள் தலையில் கட்டி, கிட்டே வராதே என்று வைத்திருந்த மக்கள். ஆக, இந்தப் பண்டத்தில் வெள்ளைக்காரன் கை, முஸ்லிம் கை, கிறிஸ்தவன் கை, அவர்ணன் கை, போதாததற்குக் கள்ளு. சனாதனிக்குக் குலை நடுங்காமல் என்ன செய்யும்? மும்பைக்கு வடக்கே வசை பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. பாதிரிமார்கள் ஊர்க் கிணற்றில் ரொட்டியைப் போட்டுவிடுவார்களாம். தெரியாமல் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களைச் சாதியை விட்டுத் தள்ளிவிடுவார்களாம். கதை நிஜமோ பொய்யோ, ஒரு துண்டு ரொட்டி விழுந்தால் ஒரு கிணறு முழுக்கக் கெட்டுப்போகும் என்று நம்பிய சமூகம் இது.

அப்படியானால் இன்றைக்கு இந்தச் சமூகம் ரொட்டியை எப்படி விழுங்குகிறது? அதற்கொரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நம் ஊர் பஸ் நிலையங்களில் நின்று நிமிர்ந்து பாருங்கள். விருத்தாசலமோ பண்ருட்டியோ கடலூரோ, எங்கேயாவது ஒரு பலகை கண்ணில் படும். 'பெங்களூர் அய்யங்கார் பேக்கரி'. இதன் மூலம் பெங்களூரில், ஹாசன் பக்கத்திலிருந்து வந்த எச்.எஸ். திருமலாச்சார் என்பவர் 1898இல் தொடங்கிய கடை என்று சொல்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரரிடம் தொழில் கற்றாராம். கற்கட்டும், நல்ல விஷயம்தான். தொழில் யார் சொத்தும் அல்ல. ஆனால் அந்தப் பெயர் இன்றைக்கு என்ன வேலை செய்கிறது? பலகையில் அய்யங்கார் என்று இருக்கிற கடைகளில் அய்யங்கார் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். கடைக்காரர் வேறு சாதி, மாஸ்டர் வேறு சாதி, மாவு பிசைகிற பையன் வேறு சாதி. பெயர் மட்டும் அய்யங்கார். அந்தப் பெயர் ஒரு சான்றிதழ். உள்ளே யார் கை பட்டிருந்தாலும் கவலைப்படாதே, நாங்கள் கழுவிவிட்டோம் என்று தின்பவனுக்குச் சொல்கிற சான்றிதழ்.

பலகை என்றதும் 1957 ஞாபகம் வருகிறது. அந்த மே மாதத்தில்தான் நேரு நெய்வேலிக்கு வந்து சுரங்கம் தோண்டுவதைத் தொடங்கி வைத்தார். அதே மே மாதத்தில்தான் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற எழுத்தை எடு என்று பெரியார் மறியலைத் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்தது, தினமும் தொண்டர்கள் கைதானார்கள். 2012இல் ஸ்ரீரங்கத்தில் அதே மாதிரி ஒரு பலகை தலைகாட்டியபோதும் பெரியார் இயக்கத்தவர் எதிர்த்தார்கள். அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது. பிராமணாள் பலகையை எடுக்கச் சொன்ன பலபேருடைய ஊர் டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர் தொங்கியது. பலகையில் எழுதிய சாதி கண்ணில் பட்டது, ஆணியில் தொங்கிய சாதி படவில்லை. அய்யங்கார் பேக்கரி என்பதையோ இப்போது யாரும் சாதிப் பெயராகவே படிப்பதில்லை. மிக்சர், காராசேவு மாதிரி அதுவும் ஒரு சரக்கின் பெயர் என்று ஆகிவிட்டது.

இதை எழுத வைத்தது ஒரு தம்பி. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளைக்குக் கடன் கேட்டு வந்தவன். பதினாறு வயசில் பெங்களூர் போய், பேக்கரியில் தட்டு கழுவி, மாவு பிசைந்து, பத்து வருஷத்தில் மாஸ்டர் ஆனவன். 2020இல் ஊரடங்கில் லாரி ஏறி ஊர் வந்து சேர்ந்தான். இனிமேல் சொந்தமாகப் போடலாம் என்று தாட்கோ மானியத்தோடு கடனுக்கு எழுதினான். அடுப்புக்கு, மாவு பிசையும் இயந்திரத்துக்கு, கண்ணாடிப் பெட்டிக்கு எல்லாம் விலைப்புள்ளி வைத்திருந்தான். எங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் மாடு இருக்கும், ஆடு இருக்கும், ஆட்டோ இருக்கும், துணிக்கடை கூட இருக்கும். சாப்பாட்டுக் கடை நான் பார்த்தவரை அபூர்வம். காரணம் விண்ணப்பிக்கிறவர்களுக்கே தெரியும்.

இடம் பார்க்கப் போன அதிகாரி கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். மரியாதையாகப் பேசக்கூடியவர். திரும்பி வந்து என்னிடமே சொன்னார்: "பையன் கெட்டிக்காரன் சார். ஆனா அந்த ஊர்ல அவன் கடையில யாரு வாங்குவா? நம்ம பணம் முடங்கிடும்." அறிக்கையில் சாதி என்ற வார்த்தையே கிடையாது. வாடிக்கையாளர் வரவேற்பு சந்தேகத்துக்குரியது என்று இருந்தது. தம்பியைக் கூப்பிட்டு, "மாடு வாங்கிக்கோப்பா, பாலை சொசைட்டியில ஊத்திடலாம். எல்லாப் பாலும் ஒண்ணா கலந்துடும், எவன் பாலுன்னு யாருக்குத் தெரியப்போவுது" என்று யோசனை சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஊரார் தீண்டாமையை அனுசரிப்பார்கள், வங்கி அதை நஷ்டக் கணக்கில் சேர்க்கும், நஷ்டம் வரும் என்று கடன் மறுக்கும், கடன் இல்லாததால் கடை வராது, கடை வராததால் ஊரார் தீண்டாமை ஒருநாளும் சோதனைக்கு உள்ளாகாது. இதில் யாரைப் பிடித்து வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடுவீர்கள்? நானும் அந்த அறிக்கையைக் கோப்பில் வைத்துத் தைத்தவன்தான்.

கடைத்தெருவில் வாடகைக்கு இடமும் கிடைக்கவில்லை அவனுக்கு. ஒரு பெரியவர் வழி சொன்னாராம்: தள்ளி வேறு ஊரில் போடு, அய்யங்கார் பேக்கரி என்று பலகை வை, சுவரில் ஒரு பெருமாள் படம் மாட்டு, முடிந்தது. அவன் அதற்குத் தயாராகவே இருந்தான். நான் தான் குறுக்கே விழுந்தேன். அது சரணாகதி, உன் கையை நீயே மறைப்பது என்றெல்லாம் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணே, நீங்க மாசம் பொறந்தா சம்பளம் வாங்கறீங்க. நான் சுட்டது சாயங்காலத்துக்குள்ள வித்தாகணும். நாளைக்கு அது பழசு." எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கு அவன் பக்கத்து நகரம் ஒன்றில் இன்னொருவர் கடையில் மாஸ்டர். பலகையில் அந்தப் பெயர்தான். அவனை இடம் தேடி அலையவிட்ட ஊர்க்காரர்கள் அங்கே போய் அவன் சுட்ட ரொட்டியைத்தான் வாங்கி வருகிறார்கள். முன்பக்கம் விற்கிறவர் முகம் தெரியும், பின்கட்டில் அடுப்படியில் நிற்கிறவன் முகம் தெரியாது.

எனக்கு ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். "அமுக்காதீங்கண்ணே, உள்ளங்கையால தள்ளுங்க. தள்ளி மடிங்க, மறுபடி தள்ளுங்க. இழுத்தா கிழியாம ஜவ்வு மாதிரி வரணும்." மாவை ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் குளிர் நாட்டில் ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். நெய்வேலியில் முக்கால் மணி நேரத்தில் இரண்டு பங்காகிவிடுகிறது. இந்த வெயிலால் ஒரு லாபம் இருக்கிறதென்றால் இதுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று காற்றை விடுகிறது, மாவு உப்புகிறது. துணியைத் தூக்கினால் லேசாகக் கள் வாசனை. காற்றை அமுக்கி எடுத்து, உருட்டி, டின்னில் வைத்து, இன்னொரு தரம் உப்பவிட்டு, இருநூறு டிகிரியில் அரை மணி நேரம். எடுத்துத் தலைகீழாகத் தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் வரவேண்டும். வந்தால் வெந்துவிட்டது.

அப்படி முதல்முறை ஒழுங்காக வந்த ரொட்டியை அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். வீட்டுத் துணைவியார் அவசரத்தில் ஏதோ பேக்கரி உறை கிடந்ததில் போட்டுக் கொடுத்துவிட்டார். மேசையில் வைத்ததும் ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள். "எந்தக் கடை சார், பஞ்சு மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். எங்க வீட்டில் நான் சுட்டது என்றேன். சிரித்தபடிதான் சொன்னேன். ஒரு நிமிஷம் யாரும் எதுவும் பேசவில்லை. ஒருவர் பாதித் துண்டை மேசை ஓரம் வைத்துவிட்டு, சர்க்கரை நோய் இருக்கிறது என்று அப்போதுதான் நினைவு வந்தவராகச் சொன்னார். இன்னொருவர் முட்டை போட்டீர்களா என்று கேட்டார், இல்லை என்றேன், இருந்தாலும் இன்றைக்குச் சனிக்கிழமை என்றார். காசாளர் அம்மா மட்டும் மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டு, ஈஸ்ட் எங்கே வாங்கினீங்க, எனக்கும் சொல்லுங்க என்றார். அந்த அம்மாவை நான் மறக்கமாட்டேன். அடுத்த வாரம் கடையில் வாங்கிய பப்ஸ் வைத்தேன், ஐந்து நிமிஷத்தில் தட்டு காலி. சர்க்கரை நோய்க்காரரும் தின்றார்.

இந்த ஆட்கள் யாரும் என்னைக் குமாஸ்தாவாக ஏற்க மறுக்கவில்லை. என் கையெழுத்தை ஏற்கிறார்கள். நான் எண்ணிக் கொடுத்த பணத்தை, எச்சில் தொட்டு எண்ணினால்கூட, வாங்கிப் பையில் வைக்கிறார்கள். இட ஒதுக்கீடு அந்த மேசைவரை நம்மைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அடுப்புவரை இன்னும் வரவில்லை. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த பாப்பாள் அம்மாவை, அவர் அருந்ததியர் என்பதால் சமைக்கக் கூடாது என்று பள்ளியைப் பூட்டினார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம் அந்த அம்மாவை இடமாற்றம் செய்தது. இயக்கங்கள் போராடிய பிறகுதான் திரும்ப வர முடிந்தது. 2023 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்திலும் அதேதான். கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில். கலெக்டரும் அமைச்சரும் வந்து குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு நிலைமையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒரு உப்புமா தட்டுக்கு ஒரு அமைச்சர். வாத்தியார் வேலைக்கு வந்திருந்தால் இவ்வளவு ஆர்ப்பாட்டம் நடந்திருக்காது என்பதைக் கவனியுங்கள். பாடத்தை வாங்கிக்கொள்வார்கள், சோற்றை வாங்கமாட்டார்கள்.

அண்ணல் லண்டனில் படித்த நாட்களில் காலையில் ஒரு துண்டு ரொட்டியும் மீனும், இரவில் ஒரு கோப்பை போவ்ரிலும் சுட்ட அப்பளமும் என்று பசியோடு கிடந்தார். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் அவர் சாதியைக் கேட்டுவிட்டு ரொட்டி கொடுக்கவில்லை. அதற்கு முன்பு 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டுப் பரோடாவில் வந்து இறங்கியவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. அந்த மனிதரின் இயக்கத்தில் வந்தவர்கள் நாம். காந்தியும் ரொட்டி சுட்டவர்தான். ஜோகன்னஸ்பர்க் வீட்டில் கையால் திரிகை சுற்றி, கூனே என்ற ஜெர்மன்காரர் சொன்னபடி புளிக்க வைக்காத ரொட்டி சுட்டதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவருக்கு அது எளிய வாழ்க்கைப் பரிசோதனை. என் பாட்டி திரிகை சுற்றியது கூலிக்கு. சமபந்தி போஜனம் தீண்டாமை ஒழிப்புக்கு அவசியமில்லை என்று அவர் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார், பின்னாளில்தான் மாறினார். ஆனால் சாதி உட்கார்ந்திருந்த இடமே அந்தப் பந்திதான்.

சில ரொட்டி உறைகளில் பெருமையாக ஒரு வாசகம் பார்த்திருப்பீர்கள். கை படாமல் தயாரித்தது என்று. சுத்தம் என்கிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் உடம்பு கூசும். ஆலை ரொட்டியிலும் கை உண்டு. இயந்திரத்தைத் துடைக்கிற கை, மூட்டை தூக்குகிற கை. மாடர்ன் பிரட் ஞாபகமிருக்கிறதா? 1965இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். சென்னையிலும் ஆலை இருந்தது. அரசு நிறுவனம் என்பதால் அங்கே இட ஒதுக்கீடு உண்டு, ரொட்டி ஆலையில் நம் ஆட்கள் நிரந்தர வேலையில் இருக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. 2000 ஜனவரியில் அதன் நூற்றுக்கு 74 பங்கை சுமார் 105 கோடி ரூபாய்க்கு இந்துஸ்தான் லீவருக்கு விற்றார்கள். பொதுத்துறை நிறுவனம் ஒன்றை நிர்வாகத்தோடு சேர்த்துத் தனியாருக்கு விற்ற வரிசையில் அதுதான் முதலாவது. ரொட்டிதானே என்று அன்றைக்கு நாட்டில் பெரிய சத்தம் எழவில்லை. 2006இல் நெய்வேலியின் பங்குகளை விற்க வந்தபோது இங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்றதும் அது நின்றது. 2013இல் மறுபடி வந்தபோது தமிழக அரசு நிறுவனங்களே அந்தப் பங்கை வாங்கிக்கொண்டன. நிலக்கரிக்கு எழுந்த சத்தம் ரொட்டிக்கு எழுந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு. பங்கு போகும்போது கூடவே போனது இட ஒதுக்கீடு.

என் ரொட்டியும் சுத்தமானதல்ல, அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் அடுப்பு மின்சார அடுப்பு. ஒருமுறை சுட ஏறக்குறைய ஒரு யூனிட் போகிறது. ஒரு யூனிட்டுக்கு இங்கே ஒரு கிலோவுக்கும் மேல் பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். ஒரு டன் நிலக்கரிக்கு மேலேயிருந்து ஐந்தாறு கன மீட்டர் மண்ணை வாரிக் கொட்ட வேண்டும். கீழேயிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மண் யாருடையது? பட்டா வைத்திருந்தவனுக்கு இழப்பீடு என்று ஒன்றாவது எழுதினார்கள், போதாதென்று அவன் சண்டை போடவாவது ஒரு காகிதம் இருந்தது. அவன் நிலத்தில் தலைமுறையாகக் கூலி வேலை பார்த்த சேரிக்காரனிடம் என்ன காகிதம் இருந்தது? நிலம் போனது ஊருக்கு, பிழைப்பு போனது சேரிக்கு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கிற நேரத்தில் நெல் வயலில் இயந்திரத்தை இறக்கினார்கள். பயிரைப் பார்த்து நாடே பதறியது, பதற வேண்டியதுதான். அந்த வயலில் களை பறிக்க வந்திருக்க வேண்டிய பெண்களின் கூலியைப் பற்றி எழுதிய பத்திரிகையை நான் பார்க்கவில்லை.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு மத்தியானத்தைத் தொலைக்கிறாயே என்றது. மத்தியானம் என்பது தொலைக்கக்கூடிய பொருள் என்பதே அம்மாவுக்குப் புதுசு. அதற்கு மத்தியானம் என்றால் அதிகாரி வீட்டில் இரண்டாம் தடவை பாத்திரம். அப்பாவுக்கு ஷிப்டு, ஒப்பந்தக்காரன் கூப்பிட்டால் இன்னொரு ஷிப்டு. அப்படி உழைத்தவர்களைத்தான் சோம்பேறிகள், குடிகாரர்கள் என்று ஊர் சொன்னது. மார்க்சின் மருமகன் பால் லஃபார்க், கியூபாவில் பிறந்தவர், பாட்டி வழியில் கறுப்பு ரத்தம் ஓடியவர், சோம்பேறித்தனத்துக்கான உரிமை என்று 1880இல் எழுதினார். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் உழைத்தால் போதும் என்றார். நம் தோழர்கள் மார்க்சைப் படித்தார்கள், மருமகனை அதிகம் படிக்கவில்லை. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பில் இருந்தபோது 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களை நேரில் போய்ப் பார்த்தவர் அம்பேத்கர். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 ஆகக் குறைத்த 1946 சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. எனக்கு இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை விடுமுறை 2015 செப்டம்பரில் சங்கம் பேசி வாங்கிக் கொடுத்தது. இந்தச் சோம்பல் மத்தியானம் தானாக வரவில்லை. நமக்கு முன்னே பலபேர் தூக்கமில்லாமல் கிடந்து வாங்கியது.

இங்கே நான் கொஞ்சம் கூச்சப்படவும் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ரொட்டி சுட்டுவிட்டு நான் பெயர் வாங்கிக்கொள்கிறேன். மற்ற நாளெல்லாம் மூன்று வேளையும் சமைக்கிற துணைவியாரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. மாவு ஒட்டிய தாம்பாளத்தை யார் கழுவினார் என்றும் கேட்காதீர்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். நுழைவுப் போராட்டம் என்றால் கோயில், தேர், தெரு, சுடுகாடு என்று பட்டியல் வைத்திருக்கிறோம். கடைத்தெருவில் நம் பெயரில், நம் முகத்தோடு ஒரு சாப்பாட்டுக் கடை வைப்பதையும் அதில் சேர்க்க வேண்டும். வயிற்றுப்பிழைப்பு, சில்லறை விஷயம் என்று தள்ளக்கூடாது. தாட்கோவில் உணவுத் தொழிலுக்கென்று தனியே ஒரு பங்கு கேட்க வேண்டும். பேரூராட்சி, நகராட்சி, பஸ் நிலையக் கடைகளை ஏலம் விடும்போது அதில் நமக்குரிய கடையை நாம் கேட்டு வாங்கி அங்கே அடுப்பு மூட்ட வேண்டும். 'வரவேற்பு சந்தேகம்' என்று எழுதி வரும் கடன் அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி வெளியிட வேண்டும். இதை வங்கிக்குள் இருக்கிற நானே சொல்கிறேன். அப்புறம் நாம். நம் கூட்டங்களுக்கு வருகிற பிற சாதித் தோழர்களுக்கு நாமே முந்திக்கொண்டு கடையில் பொட்டலம் வாங்கிக் கொடுக்கிறோம். அவர்கள் சங்கடப்படக்கூடாதாம். சங்கடப்படட்டும். சேரி வீட்டில் பொங்கியதைப் போடுவோம். பாதித் துண்டை மேசை ஓரம் வைக்கிறவர் யார் என்று நமக்கும் தெரியட்டுமே.

சாயங்காலம் ரொட்டி வெந்து வந்தது. சூட்டோடு அறுக்கக்கூடாது, ஆறவேண்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். யார் கேட்கிறார்கள். முதல் ஓரத்தை அறுத்து அம்மாவிடம் கொடுத்தேன். பழக்கதோஷம், சர்க்கரை டப்பாவைத் தேடியது.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை இந்திரா நகரில் நம் வாசகர் வட்டக் கூட்டம். ரொட்டி நான் கொண்டுவருகிறேன், கறிக்குழம்பு காலனித் தோழர்கள் பொறுப்பு. தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன். பேக்கரியில் சனி, ஞாயிறு கிடையாது. முதலாளி விட்டால் வருவான்.